மரகதம் உடைத்த பூட்டு

எமரால்டு ஊருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மரகதத்துக்கு வாயாடி என்று பெயர். கைக்குழந்தையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். எந்த அதிகாரியிடமும் குரலைத் தாழ்த்தியதில்லை.

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம் அது. செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி ஆட்களை நிறுத்திக்கொண்டே வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எல்லப்பனையும் களைவெட்ட அனுப்பிவிட்டார்கள். மலைமேல் தொட்டியடியில் அவர் கையால் திருகிய வால்வின் மேல் ஒரு மோட்டாரைப் பொருத்தி, இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டினார்கள். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களிலும் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் இனி எங்கோ தொலைதூரத்திலுள்ள ஒரே சர்வர்தான்.

மாசி மாதம் ஒரு காலையில் குழாயில் வெறும் காற்று வந்தது. மறுநாளும் அதேதான். புதிதாகப் பிள்ளை பெற்ற சசிகலா, ஓடையில் கலங்கி ஓடியதை வடிகட்டிக் காய்ச்சிக் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அதைப் பார்த்த மரகதம் காலிக் குடத்தோடு நேரே ஆபீசுக்குப் போனாள்.

மேனேஜர் ரவிச்சந்திரன் கைப்பேசியிலிருந்து தலையெடுக்கவில்லை. "சர்வர் படுத்துடுச்சும்மா. அங்க சரி பண்ணினாத்தான் இங்க திறக்கும்."

"மேல தொட்டி நெறஞ்சு வழியுதே ஐயா!"

"வழியட்டும், நான் என்ன பண்றது? எல்லாத் தோட்டத்துலயும் இதே கதிதான்."

"எல்லாத் தோட்டத்தையும் ஒரே கயித்துல கட்டச் சொன்னது யாரு? பெட்டிச் சாவியக் குடுங்க."

"சாவி கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்ல இருக்கு. பெட்டியத் தொட்டா வேலை போயிடும், சொல்லிட்டேன்."

மரகதம் வீட்டுக்குப் போய், விறகு பிளக்கும் கோடாலியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே இருந்த மோட்டாரை எப்படிக் கழற்றுவது என்றுதான் தெரியவில்லை. பின்னாலேயே வந்த எல்லப்பன் ஸ்பேனரோடு குனிந்தார்.

"எம் பேர மட்டும் சொல்லிடாத தாயி."

"உம் பேரு எதுக்கண்ணே? எம் பேரு இருக்கில்ல!"

கீழே லயத்தில் குழாய்கள் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கின. பெண்கள் போட்ட கூச்சல் மேலே வரை கேட்டது.

சர்வர் எழுந்ததும் விசாரணை வந்தது. கோயமுத்தூர் அதிகாரி தணிவாகவே பேசினார். "தெரியாமச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறோம்."

"தெரிஞ்சுதான் செஞ்சேன். திரும்ப நின்னா திரும்ப உடைப்பேன்."

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த நாள் கொழுந்தெடுக்கப் பெண்கள் யாரும் மலைக்குப் போகவில்லை. எல்லப்பனும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, மோட்டாரைக் கழற்றியது நான்தான் என்று தானாகவே சொன்னார். வாரக் கடைசி வரை தாக்குப்பிடித்த கம்பெனி, பிறகு இறங்கி வந்தது. மோட்டாரைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் அது நின்றால் கையால் திருக ஒரு சக்கரமும் சேர்ந்தது. பெட்டிக்குப் பூட்டு போடவில்லை.

மரகதம் வேலைக்குத் திரும்பிய காலை, ரவிச்சந்திரன் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"இனிமே எதுன்னாலும் கேட்டுட்டுச் செய்யும்மா."

"அன்னிக்கும் கேட்டுட்டுத்தானே ஐயா செஞ்சேன்!"

அவர் வண்டியைக் கிளப்பினார்.