நீலக் கதவுக்கு வழி

1986ஆம் ஆண்டு செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த என்னைத் தையற்கார அக்கா தம் கடைக்கு அழைத்துச் சென்றார். தருமபுரியில், அந்தக் கோயில் மதிலை ஒட்டிய சந்தின் கடைசி அறை அது. ஆடியில்தான் வாடகைக்கு எடுத்திருந்தார். தீபாவளிக்குத் துணி வராவிட்டால் அறையைக் காலிசெய்து, பெங்களூரில் அண்ணன் வீட்டில் தங்கிக் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று என் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

“தியேட்டருல சிலைடு போடலாம்னு இருக்கறேன். நீதான் இலக்கியம் படிக்கறயே கண்ணு, எழுதிக் குடு.”

படம் தொடங்குமுன் சில நொடிகள் திரையில் நிற்கும் கடை விளம்பரத்தைத்தான் அப்படிச் சொன்னார். கறுப்பு மை பூசிய கண்ணாடியில் எழுத்துகளைக் கீறுபவர், ஐந்து வரிக்கு மேல் கூடாதென்று முன்பே எச்சரித்திருந்தாராம்.

“அதுக்கு மேல எழுதுனா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமாம்” என்று அக்கா சிரித்தார்.

காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு கட்டம் வரைந்தேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, புடவைக்கு ஓரம் அடிப்பது எல்லாம் அதில் வர வேண்டும் என்றார் அக்கா. மூலையில் தையல் மிஷின் படமும் வேண்டும். எனக்கோ, எதுகையோடு அமைந்த என் முதல் வரியை விட மனமில்லை. கட்டம் நிரம்பிவிட்டது, ஆனால் அதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எங்குமில்லை.

அப்போது இண்டூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெண்ணொருவர், அளவு ரவிக்கையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் தயங்கி நின்றார்.

“இந்தச் சந்து கோயிலுக்குள்ள போவுதுன்னு நெனச்சு ரெண்டு வாட்டி திரும்பிப் போயிட்டேனுங்க. நாங்க வேற சாமி கும்பிடறவங்க. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு.”

“யாருங்க சொல்றது? ஊரு ஆடெல்லாம் இந்த வழியாத்தான் போவுது. அதுங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தா வச்சிருக்குது?” என்றார் அக்கா.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் எதுகை வரியை அடித்தேன். மிஷின் படத்தையும் அடித்தேன். திரையைப் பார்ப்பவள் அந்நேரம் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்து, அங்கிருந்தே தொடங்கினேன்:

பெண்களுக்கான தையல் கடை.
தைப்பவரும் பெண்.
இத்தியேட்டரின் பெண்கள் வாசலிலிருந்து இடப்பக்கம்,
மாதா கோயில் மதிலோரச் சந்து. எல்லோருக்கும் பொதுவழி.
கடைசியில் நீலக் கதவு.

“கதவு நீலமில்லயே கண்ணு.”

“வேற அடையாளம் எதுவுமே இல்லீங்கக்கா.”

“அப்ப அப்படியே இருக்கட்டும். நாளைக்கே பெயிண்ட் வாங்கியாறேன்.”

வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்கவும் தயங்குகிற என்னிடம் தம் பிழைப்பை ஐந்து வரிகளாக ஒப்படைத்தவர் அவர். அந்தத் தாளை வேறு யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை. எழுதியவாறே சிலைடு கீறுபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு நான் சொல்ல நினைத்த நன்றி அன்று வாயில் வரவில்லை. இண்டூர்ப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு மேட்டினிக்கு இருவரும் போய்ப் பெண்கள் பகுதியில் அமர்ந்தோம். சிலைடு வந்தது. பின்வரிசையில் ஒரு குரல், எழுத்தறியாத யாருக்காகவோ, அதை நிதானமாகப் படித்துக் காட்டியது.

“பொம்பளதான் தைக்குதாம்.”

“எங்கியாம்?”

“கோயில் சந்துலயாம். பொதுவழிதானாம்.”

“அப்ப நாமளும் போலாமா?”

“போலாம், இரு. படம் போடப் போறான்.”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களின் ஓரத்தில் நீலப் பெயிண்ட் இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை, தீபாவளிக்கென்று அம்மா எடுத்துத் தந்த ரவிக்கைத் துணியோடு, கல்லூரிக்குப் போகும் வழியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். நீலக் கதவு திறந்திருந்தது. நான் அறியாத இரண்டு பெண்கள் பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். அக்கா கத்தரியிலிருந்து கண்ணெடுக்காமல், “ஒக்காரு கண்ணு, உனக்கு முன்னால இவங்க வந்துட்டாங்க” என்றார்.

துணியை மடியில் வைத்துக்கொண்டு, என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.