நான் முடமாக்கிய சிறுவன்

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் மகள் பரீனாவுக்குக் காது கேளாமற் போனதற்கு நானே காரணம். மூளைக் காய்ச்சல் என்று ஊரில் சொல்கிறார்கள். காய்ச்சல் வந்தது உண்மை. அதற்கு மருந்தும் இருந்தது... அந்த மருந்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் நின்றேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு தொலைக்காட்சி நாடகத்தால் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் கணவர் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது ஒரு டீவி கொண்டுவந்தார். கல்முனையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதலாவது. கிழமைக்கு ஒருநாள், அந்தி மஹ்ரிபு தொழுகை முடிந்ததும், ஆங்கிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி நாடகம் போகும். வருடக்கணக்கில் முடியாமல் ஓடிய நாடகம். ஒரே வளவுக்குள் அடுத்த வீட்டிலிருந்த ராத்தா, உம்மாவின் தங்கை சாச்சி, அயல் பெண்கள் எல்லோரும் வந்து என் வீட்டுப் பன்பாயில் உட்காருவார்கள். அவர்களுக்குள் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்தி. பரீட்சையில் பாஸ் பண்ணியவள். ஆகவே நான்தான் கதை சொல்ல வேண்டும்.

எழுத்தில் இருந்தால் ஆங்கிலம் எனக்கு விளங்கும். அந்த வெள்ளைக்காரர்கள் வாய்க்குள் மென்று பேசுவதில் பத்துக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்த பெண் என்ற பெயர்... அதை எப்படி விடுவது? படத்தைப் பார்த்து நானே கதை கட்டினேன்.

நரைத்த தலைப் பெரிய டொக்டரும் சுருட்டை முடி நேர்ஸும் கட்டிக்கொண்டபோது, வெள்ளத்தில் தொலைந்த மகளைத் தகப்பன் கண்டுபிடித்துவிட்டார் என்றேன். எங்கள் ஊரை அடித்த சூறாவளியில் பிள்ளைகளைத் தேடி அலைந்தவர்கள் அந்தப் பாயில் இருந்தார்கள். விம்மினார்கள். அவர் அவளுடைய விரலில் மோதிரம் போட்டபோது, வெள்ளத்தில் மௌத்தான தாயின் மோதிரத்தை மகளிடம் ஒப்படைக்கிறார் என்றேன். சாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்றைக்கும் எங்கள் தெருப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழும் கட்டம் அதுதான். அந்த நாடகத்தை எழுதியவனுக்கே தெரியாத கட்டம்!

ராத்தா மட்டும் தலையைச் சாய்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மகளெண்டா ஏன்கா அவ இப்பிடி வெக்கப்படுறா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ராத்தா விடவில்லை.

“உனக்கு அவனுகள்ற பாசை விளங்குதா, இல்லாட்டி சும்மா புளுகுறியா?”

பாய் முழுவதும் சிரிப்பு. ராத்தாவும் சிரித்தாள். அவள் சிரிப்பில் நஞ்சு இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த கிழமை நாடகத்தில் ஒரு சிறுவன் வந்தான். காய்ச்சலில் கிடக்கிறான். அவனை இறால் மாதிரி வளைத்துப் படுக்கவைத்து, முதுகெலும்பில் நீளமான ஊசியைக் குத்தி நீர் எடுத்தார்கள். டொக்டர் அந்தப் பிள்ளைக்காகச் சொல்லுக்குச் சொல் நிறுத்தி, மெதுவாகப் பேசினார். பயப்படாதே, இந்த நீரைப் பார்த்தால்தான் என்ன மருந்து என்று தெரியும், நீ சுகமாகிவிடுவாய் என்றார். அந்த நாடகம் முழுவதிலும் ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கிய காட்சி அது ஒன்றுதான்.

ராத்தா தன் மடியிலிருந்த பரீனாவின் முதுகைத் தன்னையறியாமல் கையால் பொத்தியிருந்தாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்... இந்த ஊசி போட்ட பிள்ளைக்கு இரண்டு காலும் விளங்காமற் போகும், அதைத் தாயிடம் மறைக்கிறார்கள் என்று.

ராத்தாவின் முகம் வெளிறியது. எனக்கு அது இனித்தது. ஆம், இனித்தது.

பிறகு வந்த கிழமைகளில் அந்தச் சிறுவன் வார்டுக்குள் பந்து உருட்டி ஓடினான். என்ன செய்வேன்? தாய் காணும் கனவு என்றேன். பாயில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். ராத்தாதான் அதிகம் அழுதாள். அதற்குப் பிறகு அவள் என்னைச் சந்தேகித்ததே இல்லை. அந்தக் கால் போன பொடியனின் உம்மா இப்போது என்ன செய்கிறாள் என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். நானும் சளைக்காமல் சொல்வேன். வீட்டை விற்றாள், புருஷன் விட்டுவிட்டுப் போனான், பிள்ளையைச் சுமந்து சுமந்து இடுப்பு ஒடிந்தாள்...

மாரி காலத்தில் பரீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி. கழுத்து விறைத்துவிட்டது. ராத்தாவின் கணவர் நாவிதன்வெளியில் வயலுக்குப் போன இடத்தில் வெள்ளத்துக்கு அப்பால் அகப்பட்டிருந்தார். கதைக்கத் தெரிந்தவள் என்று ஆஸ்பத்திரிக்கு ராத்தா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார் டொக்டர். ராத்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இது அந்த ஊசிதானேகா?”

நான் பொய் சொன்னேன் ராத்தா... அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு விடும் நேரம் போதும். அந்த நேரத்தில் நான் எதை நினைத்தேன் தெரியுமா? பிள்ளையையா? என் பன்பாயில் எழப்போகும் சிரிப்பை நினைத்தேன்!

“ஓம்” என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தன் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தாள். டொக்டர் வாசல் வரை வந்து சத்தம் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் போனேன். வீட்டில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியாரின் எண்ணெயும் ஓதிய தண்ணீரும். வலிப்பு வந்து நினைவு தப்பிய பிறகுதான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரைக் காப்பாற்றினார்கள். காதைக் காப்பாற்ற முடியவில்லை.

பரீனா எழுந்து நடந்த அன்று, ராத்தா என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள்.

“நீ இல்லாட்டி என்ட புள்ளட காலும் போயிரிக்கும்.”

காது போனது அல்லாஹ்வின் நாட்டமாம். கால் மிஞ்சியது என் தயவாம். இதைத் தெரு முழுவதும் சொல்லித் திரிந்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்காததைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

இதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்?

அடுத்த மாரியில் என் மகனுக்கு அதே காய்ச்சல். ராத்தாவுக்குச் சொல்லாமல், உம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அதே டொக்டர். அவர் ஊசி என்று சொல்லி முடிக்குமுன் சம்மதம் என்றேன். இறால் மாதிரி வளைந்து கிடந்த என் மகனின் தோளை என் கையாலேயே பிடித்துக்கொடுத்தேன். அவன் பிழைத்தான். கேட்கிறான், ஓடுகிறான், பாட்டுப் பாடுகிறான்.

எல்லாத் தாய்மாரும் உங்களைப்போல இருந்தால் எவ்வளவு நல்லது என்றார் டொக்டர். என் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. போன வருடம் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், உங்கள் பக்கம்தான், ஏன் அப்படிச் செய்தாளோ என்று வருத்தப்பட்டார்.

“அவ படிப்பில்லாதவ, டொக்டர்” என்றேன்.

இதை நீங்கள் இரண்டாம் தரம் வாசிக்க வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன்.

வீட்டில் சளிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கூட வந்த உம்மாவும் ஊசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் மகனின் முதுகை ராத்தா தடவிக்கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அவனை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ராத்தா பரீனாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

“காதுதான் கேக்கா. கண்ணு நல்லாத்தானே இரிக்கி?”

பரீனா அடுப்படியில் கிடந்த கரித்துண்டை எடுத்து, கலண்டரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் எழுதிக் காட்டினாள். ஒரு சுழிகூடப் பிழைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இவளால் முடியும். எழுதுவாள். வாசிப்பாள். ஒருநாள் யாரிடமாவது, என் காதுக்கு என்ன நடந்தது என்று எழுதிக் கேட்பாள்...

“காது கேளாத புள்ளைக்கு எழுத்து ஏறாது ராத்தா” என்றேன். “நான் புத்தகத்தில படிச்சிரிக்கன்.”

ராத்தா சுவரிலிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு, நீ சொன்னால் சரிதான் என்றாள். பிள்ளையின் கையிலிருந்த கரியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

பரீனா அழுதாள். தன் அழுகை எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியாது. அதனால் அடக்கவும் தெரியாது. அடுத்த வீட்டில், என் மகனுக்குச் சோறூட்டிக்கொண்டு, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.