குறையில்லாத தாள்

ஷென் பெய்லானுக்குக் கண்தான் பிழைப்பு. சிங் மாவட்டத்தில் ஆற்றோரம் இருக்கும் காகித ஆலையில், காய்ந்து வரும் ஆளுயரத் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். வைக்கோல் நார் ஒட்டியிருந்தாலோ மடிப்பு விழுந்திருந்தாலோ தனியே போட்டுவிடுவாள். தள்ளியவை மறுபடியும் கூழ்த்தொட்டிக்கே போகும். வாரத்துக்கு இரண்டை மட்டும் மேற்பார்வையாளர் அவளுக்கு விட்டுக்கொடுப்பார். அவள் மை ஓவியம் வரைகிறவள் என்று ஆலைக்கே தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தள்ளுபடித் தாள்களில்தான் வரைந்து வந்தாள். தூரிகையை எங்கே முதலில் வைப்பது என்று அவள் யோசித்ததே இல்லை. தாளில் இருக்கும் குறையே இடத்தைக் காட்டிவிடும். நார் ஒட்டிய இடம் படகோட்டி ஆகும். மடிப்பு மலைப்பாதை ஆகும். பயறளவு மெலிந்த இடம் இருந்தால், சுற்றிலும் மையை ஓடவிட்டு அதை நிலாவாக்குவாள்.

அந்த நிலாக்கள் எல்லாம் அவள் கணவன் லியாவ் ஹைபினுடையவை. மூங்கில் சல்லடையைக் கூழுக்குள் முக்கித் தூக்குகிற வேலை அவனுக்கு. ஈரத்தாளின் மேல் அவன் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிடும். விழுந்த இடம் மெலிந்துபோகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வலிக்கிற அதே கையால் மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி அவளுக்காக மை அரைப்பான். சத்தமே வராது.

ஒரு குளிர்காலத்தில் அவன் தூக்கிய தாள்களில் நாற்பத்தொன்றை அவள் தள்ளினாள். எண்ணிக்கை அவன் பெயருக்கு நேரே வாசல் பலகையில் ஏறியது.

"கட்டிக்கிட்டவளே கழிச்சுக் கட்டிட்டாளே, ஹைபின்!" என்று தொட்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அவன் கேட்டது ஒன்றுதான்: "ஒரு நாலஞ்சையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"குறை இருந்துச்சு. எப்படி விடறது?"

புத்தாண்டு முடிந்ததும் அவன் தொலைவில் சிச்சுவானில் ஓர் ஆலைக்குப் போய்விட்டான். மூன்று வருஷம் ஆகிறது. பெய்லான் நிறைய வரைந்தாள். படகும் பாதையும் வந்தன, நிலா மட்டும் ஒன்றிலும் வரவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் நீளமான தகரக் குழாய் ஒன்று வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். கூடவே ஹைபின் கையெழுத்தில் ஒரு வரி: "இதுல குறை கண்டுபிடி."

ஆலை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்தாள். காலையில் பார்த்தாள், மதியம் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்பது நாள் ஆயிற்று.

"இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?" பக்கத்து மேஜையில் தாள் வெட்டும் மியாவ் அக்கா கேட்டாள். "புருஷனையே பலகைல ஏத்தினவளுக்கு ஒரு தாள் பெரிய விஷயமா?"

"நல்ல தாள்க்கா. ரொம்ப நல்ல தாள்."

"அப்போ வரையேன்டி."

"எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

மியாவ் அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். "அந்த மனுஷன் முழங்கை இப்போ சொட்டறதில்ல போலிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதுதான் பெய்லானைக் குத்தியது. எங்கேயோ ஒரு ஊரில், அவள் பார்க்காத தொட்டிக்கு முன்னால் நின்று, அவன் அந்தச் சொட்டை நிறுத்தப் பழகியிருக்கிறான். அவளிடம் தோற்காமல் இருக்கத்தான் பழகியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையல் மேஜையைத் துடைத்துத் தாளை விரித்தாள். கிண்ணத்தில் படிகாரம் கரைத்தாள். படிகாரத் தண்ணீர் பட்ட இடத்தில் மை ஏறாது. சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை அதில் நனைத்து, தாளுக்கு மேலே நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்த பிறகு அது விழுந்த அடையாளமே இல்லை.

பிறகு மை அரைத்தாள். அவள் அரைத்தால் எப்போதும் கரகரவென்று சத்தம் வரும். அகலத் தூரிகையால் வெளிறிய மையை மேலிருந்து இழுத்தாள். மை ஊறிப் பரவி அந்த இடத்துக்கு வந்து, சுற்றிக்கொண்டு போனது. பயறளவு வெள்ளை அப்படியே நின்றது. அதற்குக் கீழே ஆற்றை எழுதாமல் வெறுமையாக விட்டு, கரையில் ஒரு கதவை மட்டும் திறந்து வரைந்தாள். அதே தகரக் குழாயில் போட்டு அனுப்பினாள்.

பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"வந்துச்சு" என்றான் ஹைபின்.

"ம்."

"இங்க எல்லாரும் பார்த்தாங்க. நிலா நல்லா இருக்குன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் தொட்டித் தண்ணீர் சலசலத்தது.

"நான் அனுப்புறப்ப அது இல்லியே, பெய்லான்."

"இல்லதான்."

"அப்போ இது தள்ளுபடித் தாள்."

"தள்ளுபடிதான். தள்ளுபடியெல்லாம் யார் வீட்டுக்கு வரணும்னு உனக்குத் தெரியாதா?"

அவன் சிரித்துவிட்டான். மூன்று வருஷத்துச் சிரிப்பு, நடுவில் இருமலாகி நின்றது.

"மை யார் அரைக்கிறா?"

"நானேதான். ஊருக்கே கேக்குது."

"புத்தாண்டுக்கு லீவு கேட்டுப் பார்க்கறேன்." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "கேட்டுத்தான் பார்க்கறேன், சரியா?" போன் நின்றுவிட்டது.

சாயங்காலம் அந்த வாரத்துத் தாள் இரண்டையும் மேஜையில் விரித்தாள். மைக்கட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு, அவன் உட்காரும் பக்கமாக மைக்கல்லை நகர்த்தி, அரைக்காமலே அதன்மேல் வைத்தாள்.