மூன்று நிமிஷச் சோகம்

எங்கள் தொழிலில் ஏ.வி. என்று ஒன்று உண்டு. பாட்டுப் போட்டியில் ஒருவர் பாட வருவதற்கு முன் அவருடைய வீடு, அம்மா, ஒழுகும் கூரை எல்லாம் மூன்று நிமிஷம் ஓடுமே, அதுதான். கள்ளக்குறிச்சி கேபிள் டிவியில் நேயர் விருப்பம் நடத்திக்கொண்டிருந்த நான், சென்னைக்குப் போய் எழுத்தாளன், தயாரிப்பாளன், கடைசியில் தொகுப்பாளன் என்று ஆனது அந்த மூன்று நிமிஷங்களை எழுதி எழுதித்தான். கல்லையும் அழவைத்துவிடுவான் என்று என்னைச் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வருஷம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பாட வந்தாள். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். சொந்த நிலம், சண்டை சச்சரவு இல்லாத குடும்பம், யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. படம்பிடிக்க நானே மலைக்குப் போனேன். நான் கள்ளக்குறிச்சிக்காரன் என்று தெரிந்ததும் அவள் அப்பா, நம்ம ஊர் ஆள்தானே என்று, நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஓடைக்கரையில் ஒரு பானையோடு நிற்கச் சொன்னேன். எதற்கென்று கேட்காமல் நின்றார்.

சென்னையில் போட்டுப் பார்த்தவர்கள், இதில் சோகம் எங்கே என்றார்கள். கல்வராயன் மலை என்றால் சாராயம் இல்லாமலா என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. மலைக்குக் கீழே வளர்ந்த எனக்கு அந்த மலை என்றதும் முதலில் வாயில் வருவது அதுதான், அவ்வளவுதான் என் யோக்கியதை. சாராயம் காய்ச்சிப் பிழைத்த அப்பா மகளின் பாட்டைக் கேட்டுத் திருந்தினார் என்று எழுதி, என் குரலிலேயே பேசியும் கொடுத்தேன்.

அந்தப் பெண் அதை முதன்முதலாகக் கேட்டது மேடையில், அத்தனை விளக்குகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு. அழுதாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது பாசத்தில் வந்த அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பக்கத்தில் போ என்று கேமராக்காரருக்குச் சைகை காட்டினேன். பிறகு அவள் பாடியது சுருதி சேரவில்லை, அதற்கும் கைதட்டினார்கள். மறுவாரம் அவள் வரவில்லை.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் செத்த பிறகு, அந்த வீடியோ போன் போனாகச் சுற்ற ஆரம்பித்தது. மலைச் சாராயக்காரன் இவன்தான் என்று மேலே எழுத்து வேறு. அவள் அப்பாவைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப்போய், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். விடுதியில் ஒருத்தி அந்தப் பெண்ணிடம், உங்கப்பா எத்தனை பேரைக் கொன்றார் என்று கேட்டாளாம். அவள் படிப்பை விட்டுவிட்டு மலைக்கே போய்விட்டாள்.

கேள்விப்பட்டதும் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். அவள் அப்பா சாமைக் கொல்லையில் இருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மெட்ராஸ்காரங்க சொல்லியிருந்தா, தெரியாம சொல்லிட்டாங்கன்னு வுட்டுருப்பேங்க. நீங்க கள்ளக்குறிச்சி ஆளுங்களே."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அது பொய் என்று நானே ஒரு வாட்டி டிவியில் சொல்லிவிட வேண்டும், சொன்னால் மகள் திரும்பப் படிக்கப் போவாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அதற்குள் நிகழ்ச்சியும் முடிந்திருந்தது, எனக்கு வேலையும் போயிருந்தது. சேனலில் போய்க் கேட்டால், பழசை எதற்குக் கிளறுகிறாய் என்றார்கள். கடைசியில் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுச் சுவர் ஓரமாக நின்று, அவர் சாராயம் காய்ச்சியவர் இல்லை, நான் எழுதியது பொய் என்று பேசி, போனில் படம்பிடித்து இணையத்தில் போட்டேன். நாலு பேர்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பழைய வீடியோதான் உருக்கமாக இருந்தது என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அப்பா பாத்தாரு சார். இதயும் எழுதிவச்சிக்கினுதான் பேசனீங்களான்னு கேக்கறாரு."

எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன். நான்கு டேக் எடுத்து, அதில் குரல் உடைந்த டேக்கைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, இல்லை என்று எழுத இந்த ஒரு தடவை கை வரவில்லை. பதில் அனுப்பாமலே இருக்கிறேன். அவள் இன்னும் மலையில்தான் இருக்கிறாள்.