மூன்றாவது கிட்டார்

நான் வாழ்க்கைப்பட்டது பாட்டு கட்டிப் பாடுகிற மனுஷனுக்கு. குன்னம், அரியலூர், திருமானூர் என்று எங்கே கூட்டம் போட்டாலும் தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு போய் நிற்பார். நம்ம ஊர்ப் பாட்டுக்கு எதுக்குய்யா வெள்ளைக்காரன் சாமான் என்று பறை அடிக்கிறவர்களே கேலி செய்வார்கள். எங்கள் தெருப் பெண்கள் அதை என் சக்களத்தி என்பார்கள். சக்களத்தியாக இருந்தால் ஒரு வேளையாவது அடுப்பு மூட்டுவாள், இது அதற்கும் ஆகாது என்பேன் நான்.

முதல் கிட்டார் கல்யாணத்துக்கு முன்பே திருச்சியில் பழசாக வாங்கியது. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு மேலே கிடந்து, பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை தனியாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சோறு தொடவில்லை. அவர் அப்பா செத்த அன்றைக்கே இரண்டு வாய் சாப்பிட்ட ஆள். இரண்டாவது கிட்டார் அரியலூர்ப் பக்கம் மிதிபட்டது. சுண்ணாம்புக்கல் வெட்ட நிலத்தைத் தர மாட்டோம் என்று சனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்து ஓடும்போது யார் கால் பட்டதோ, அதன் கழுத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மிதித்ததே நான்தான் என்பதுபோல என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவதை அவரோடு சேர்ந்து பாடுகிற சிநேகிதர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதன் சத்தம் நன்றாக இருக்கும். அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தபோது காட்டிலேயே விழுந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரியும், ஆனால் வாயைத் திறந்தால் "தே, தே" என்று ஒரு சத்தம்தான் வரும். பாடி ஊரைக் கூட்டின வாய் அது.

அவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள" என்றுதான். பசித்தாலும் புள்ள, கோபம் வந்தாலும் புள்ள. வேறு எந்தப் பேச்சும் வராவிட்டால் போகட்டும், அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தால் போதும் என்று செட்டிகுளத்து முருகனிடம் வேண்டிக்கொண்டேன். காது அதற்காகவே காத்துக் கிடந்தது.

பார்க்க வந்திருந்த எங்கள் மகள்தான் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைத் துடைக்க எடுத்தாள். துணி பட்டுக் கம்பி அதிர்ந்தது. கட்டிலிலிருந்து பாட்டு வந்தது. முழு வரி, ஒரு எழுத்து குழறாமல்.

"அம்மா, அப்பா பேசுறாரும்மா!" என்று கத்தினாள்.

அது பேச்சு இல்லை. பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் மூளையில் இருக்கிறதாம். பாட்டு தப்பித்திருக்கிறது, அதிகமாக ஆசைப்படாதீங்கம்மா என்றார் டாக்டர். ஆசைப்படாமல் எப்படி இருப்பது? தினமும் அவரைச் சாய்த்து உட்காரவைத்து மடியில் கிட்டாரை வைப்பேன். நல்லதாக இருக்கிற இடது கை கம்பியை அழுத்திப் பிடிக்கும். வலது பக்கம் நான் உட்கார்ந்து தட்டுவேன். முறத்தில் புடைக்கிற கைக்கு அது பெரிய வித்தை இல்லை. நான் தட்டுகிறவரைக்கும் பாடுவார். கையை எடுத்தால் பாட்டும் நின்றுவிடும்.

ஒருநாள், "தண்ணி ஊறுன கெணத்துக்குள்ள லாரி ஓடுதடி" என்ற வரியையே திரும்பத் திரும்பப் பாடினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, தாகம். அதற்கப்புறம் பசிக்கு ஒரு வரி, வலிக்கு ஒரு வரி என்று பழகிக்கொண்டோம். அவர் பாட்டில் பசிக்கும் வலிக்கும் என்ன பஞ்சம்? ஊருக்கெல்லாம் பாட்டு கட்டின மனுஷன் ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு வரி கட்டி வைக்கவில்லையே என்று நான் சொன்னபோது வாய் கோணிச் சிரித்தார். துணி மாற்றுகிறபோது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். புள்ள என்கிற வார்த்தை எந்தப் பாட்டிலும் இல்லை. அவர் பாடுகிற எல்லாப் பாட்டையும் தட்டிப் பார்த்துவிட்டேன்.

"ஊரு சனத்துக்கெல்லாம் கட்டுனீங்க, எனக்குன்னு ஒரு வரி கட்டுனீங்களா?" என்று ஒருநாள் ஆத்திரத்தில் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடியில் முதுகில் புண் வைத்தது. புரட்டும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். கஞ்சியும் சரியாக இறங்கவில்லை. ஒரு மத்தியானம், மருந்து வைத்துக் கட்டிவிட்டு, மனசு ஆறட்டும் என்று கிட்டாரை மடியில் வைத்தேன். அவர் விரல் வேறொரு பாட்டுக்குப் போயிற்று. சுண்ணாம்புக்கல் லாரி அடித்துச் செத்தவர்கள் வீட்டில் மட்டும் பாடுகிற பாட்டு அது. செத்தவன் தன்னைப் பெற்றவளிடம் சொல்கிற மாதிரி கட்டியிருந்தார். "போதும் ஆத்தா, எறக்கி வையி, சொமந்தது போதும், எறக்கி வையி." படுத்ததிலிருந்து அதை அவர் பாடியதில்லை. வேண்டாம் என்று தோன்றியும் என் கை தட்டிவிட்டது.

என் முகத்தைப் பார்த்துப் பாடினார்.

"போதும் புள்ள, எறக்கி வையி."

பாட்டில் அவர் மாற்றினது அந்த ஒரு வார்த்தைதான்.

நான் கையை எடுத்துவிட்டேன். குரல் நின்றது. கம்பியை அழுத்தின விரலை மட்டும் அவர் எடுக்கவில்லை. என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாயில் முந்தானையை வைத்து அழுதேன். உள்ளே வந்தபோதும் விரல் அப்படியே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கம்பியைத் தட்டினேன். அவர் கேட்டதற்குச் சம்மதித்து இல்லை. இன்னொரு தடவை புள்ள என்று கூப்பிடுவாரே, அதற்காக.