ஆரோக்கியம்மாள் வட்டத்தை விட்டு எழுந்தபோது

செம்மங்குப்பத்தில் ஆரோக்கியம்மாள் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் செய்வது மூக்கை உறிஞ்சிப் பார்ப்பதுதான். அழுகிய முட்டை வாடையா, பூண்டு வாடையா, ஒன்றுமில்லையா என்று பார்த்த பிறகே கொடியில் துணி போடுவார். அந்தத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பது அடுப்படியிலிருந்தும் தெரிய வேண்டும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இது பழக்கம். பக்கத்து இரசாயனத் தொழிற்பேட்டைக்குள் வாயு கசிந்து சைரன் அடித்தால் யாரும் கத்துவதில்லை. துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடப்பார்கள். ஓடினால் மூச்சிரைக்கும், இரைத்தால் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

அவர் செம்மண்டலத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். கொரோனா வந்த பிறகு ரவிக்கை தைப்பது போய் முகக்கவசம் தைப்பது ஆனது. மகள் ரேகா சிதம்பரத்தில் என்னோடு படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனி அலுவலகத்தில் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு அம்மா ஏற்பாடு செய்திருந்தார். ரேகாவோ ஓர் இசைக்குழுவில் பாட ஆரம்பித்திருந்தாள்.

"அது இன்னா பாட்டுடி?"

"ரெகேம்மா, வெளிநாட்டுப் பாட்டு. அடி விழ வேண்டிய எடத்துல விழாது, தள்ளி விழும். அதுல நம்ம தவிலும் சேந்துக்கும்."

"தள்ளி விழுந்தா மேளக்காரருக்கு அடிக்கத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க?"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடக்கும் கச்சேரிக்கு அம்மா வருவார். ரேகாவின் ஒரே பாட்டை முழுதாகக் கேட்பார். பிடித்தால் குழு, பிடிக்காவிட்டால் கம்பெனி.

முதல் அலை ஓய்ந்து, இரண்டாவது என்று ஒன்று வரும் என்பதே தோன்றாத மாசி மாதம் அது. ஊருக்கு வெளியே ஒரு திடலில் மேடை போட்டு, மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகத் துணி கட்டியிருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள், குடும்பத்துக்கு ஒன்று. யாராவது வட்டத்தை விட்டு எழுந்து கூட்டத்தோடு கலந்தால் கச்சேரியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் அனுமதி கொடுத்திருந்தார். நான் வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு நின்றேன். வேனிலிருந்து செம்மங்குப்பத்துக்காரர்கள் இறங்கி நெற்றியைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

"கோலம் போட்டு நடுவுல நம்மள குந்த வச்சிருக்காங்க பாரு யக்கா, பூசணிப்பூ மாதிரி" என்றார் பக்கத்து வீட்டு ஜான்சி, அடுத்த வட்டத்திலிருந்து.

"பூவா நீ? பூசணிக்காய்ன்னு சொல்லு."

ரேகா பாட ஆரம்பித்தாள். குழுவின் மேளக்காரர் திருநாவுக்கரசு தவிலைத் தட்டினார். தட்டாத இடத்தில் கிடார் வெட்டியது. ஆரோக்கியம்மாளின் கால் பெருவிரல் ஒரு தடவை சரியாக அசைந்தது, அடுத்த தடவை தவறியது. மறுபடியும் முயன்று பார்த்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது கீபோர்டிலிருந்த கதிரவன் ஒரு பொத்தானை அழுத்தினான். சைரன் நீளமாக எழுந்தது. இந்த இசையில் அது வழக்கமாம். அதே நேரம் மேடையோரத்து இயந்திரம் வெண்புகையை விட்டது.

ஆரோக்கியம்மாள் எழுந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்து முகக்கவசத்துக்கு மேல் வைத்துக்கொண்டார். மேடைத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தார். குறுக்கே நடந்தார். ஜான்சி எழுந்தார். வேனில் வந்த எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"இன்னா, சாப்பாடு போடறாங்களா?" என்றார் சிதம்பரத்துக்காரர் ஒருவர்.

"போலீஸ் வண்டி சத்தம் மாதிரி இருக்குங்க. எதுக்கும் கெளம்பிடலாம்" என்றார் இன்னொருவர்.

அவர்களும் எழுந்தார்கள். சுண்ணாம்பு கால்களில் ஒட்டி, எது யாருடைய வட்டம் என்றே தெரியாமல் போனது. மேடையில் ரேகா பாட்டை விட்டுவிட்டுத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். யார் கை என்பதுபோல் பார்த்தாள்.

"யம்மா! இது சிதம்பரம்மா! அது பாட்டும்மா!" என்றாள் மைக்கில்.

ஆரோக்கியம்மாள் திடலின் ஓரத்தில் நின்று முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். நான் ஓடினேன்.

"மாஸ்க்கப் போடுங்கம்மா, இன்ஸ்பெக்டர் பாக்குறாரு."

"இத போட்டுக்கினு எப்படிம்மா மோந்து பாக்குறது?"

வறுத்த வேர்க்கடலை வாசனைதான் வந்தது. அவர் மேடையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்திவிட்டார். கச்சேரி அத்துடன் முடிந்தது.

திரும்பும் வேனில் நடந்ததை ரேகா பிறகு எனக்குச் சொன்னாள். யாரும் யாரையும் திட்டவில்லை.

"பாட்டு எப்படிம்மா இருந்துது?" என்று அவளே கேட்டிருக்கிறாள்.

"பாதிதான கேட்டேன். பாதிய வச்சிக்கினு இன்னான்னு சொல்றது?"

எனவே மீதியை வேனிலேயே பாடினாள். தவில் இல்லை, சைரன் இல்லை. ஜான்சி மட்டும் சீட்டில் தட்டினார், எப்போதும் தப்பான இடத்தில். அதனால் சரியாகவே இருந்ததாம். தொழிற்பேட்டையின் விளக்குகள் தெரிந்ததும் அம்மா "இரு" என்று கையைக் காட்டினார். சன்னலைத் திறந்து மூக்கை வெளியே நீட்டினார். இரண்டு தடவை மோந்து பார்த்தார். பிறகு, "ம், பாடு" என்றார்.

அது அந்தப் பாட்டுக்கு மட்டும் சொன்னதா, மொத்தத்துக்கும் சொன்னதா? கேட்க ரேகாவுக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை காலை அம்மா கதவைத் திறந்தார், காற்றை மோந்தார், துணி போட்டார், கடைக்குப் போய்விட்டார். எதையும் மறக்காத அம்மா நேர்முகத் தேர்வுக்கு அவளை எழுப்பவே இல்லை.

எட்டு மணிக்கு ரேகா எனக்குப் போன் செய்தாள்.

"நான் இப்ப எங்கடி போறது?"

அம்மா அடுப்படியில் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னேன். டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தது. அதன்மேல், மடித்த ஒரு புது முகக்கவசம். அலுவலகத்துக்கு ஏற்ற வெள்ளை இல்லை. மஞ்சளும் பச்சையும் சிவப்பும் சேர்த்துத் தைத்தது. மேடைத் துணியில் இருந்த அதே நிறங்கள்.