போட்டோக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி

என் அக்கா மகள் போட்டோ எடுக்கும் தொழிலுக்குப் போகலாமா, போனால் உருப்படுவாளா என்று முடிவு செய்ய, அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருப்புக்கோட்டையில் இத்தனை வருஷமாக ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யோசனை கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சலவைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பிள்ளைக்குக் காட்டிப் பயமுறுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அக்கா என்னைக் கைகாட்டியே பேசினாள். இவனைப் பார், கல்யாணம் காதுகுத்து என்று ஊரெல்லாம் சுற்றுகிறான், நம் வீட்டு விசேஷத்தில் என்றைக்காவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானா, கண்ணைப் பார், தூங்கின கண்ணா அது, முதுகைப் பார் என்று உறுப்பு உறுப்பாக விளக்கினாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவன்கூட மாட்டுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பான்.

மச்சானுக்குக் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் மண்டி. உலகத்தில் எதுவாக இருந்தாலும் சரக்கா, சரக்கு இல்லையா என்ற ஒரே கேள்விதான் அவருக்கு. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எல்லாருமே போட்டோ எடுக்கிறார்கள், வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு தண்ணீர் விற்கப் போகிறேன் என்று சொல்வது போல இருக்கிறது இவள் பேச்சு என்றார். நம் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் இருந்தும் குடிக்கிற தண்ணீரைக் கேன் போட்டு விலைக்குத்தான் வாங்குகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். காப்பி இன்னும் வரவில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பிள்ளை அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். பி.காம் சேர்ந்து, பிறகு ஆடிட்டருக்குப் படிக்க வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. அவளோ மதுரையில் விஸ்காம் சேர்ந்து கேமராவோடுதான் வாழ்வேன் என்றாள். அதற்கு ஆதாரமாகத் தன் போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். தாழ்ப்பாள் ஒன்று, சுவரில் பல்லி ஒன்று, மண்டி வாசலில் அப்பாவின் செருப்பு ஒன்று. அந்தச் செருப்பை மச்சான் வெகுநேரம் பார்த்துவிட்டு, வார் அறுந்துபோயிருக்கிறதே, சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை விஷயத்தில் தாய்மாமன் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. சீர்த்தட்டு தூக்குகிற அன்றைக்கு அது கண்ணுக்குத் தெரியும், மற்ற நாளில் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு மச்சான் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"தாய்மாமன் நீங்க. நீங்க என்ன சொன்னாலும் சரிதான், மாப்ள. வேண்டாம்னு சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னால், அவர் கெஞ்சவே தேவையில்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் தொழில் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆதாருக்கு எடுத்த மூஞ்சியை அழகாக்கித் தா என்று கேட்பார்கள். காதணி விழா பேனரில் சித்தப்பா மகன் தலை சிறுத்துப்போனதென்று கடைக்கே சண்டைக்கு வருவார்கள். செத்துப்போனவருக்கு நல்ல படம் இல்லையென்று, பாடையில் கிடக்கும்போது எடுத்த படத்தைக் கொண்டுவந்து கண்ணைத் திறந்து விடச் சொல்வார்கள். எமனால் முடியாததை நான் கம்ப்யூட்டரில் செய்து, பட்டுச்சட்டையும் மாட்டி அனுப்புவேன். இப்போது வந்திருக்கிற பவுசு வேறு. கல்யாணத்துக்கு முன்னாலேயே பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிப்போய், சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் கடற்கரையில் ஓடுவது போல ஓடவிட வேண்டும். இதற்கா ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தோம்?

ஆனால் நான் வாயால் வேண்டாம் என்று சொன்னால் அவள் ஆயுளுக்கும் என்னிடம் பேச மாட்டாள். அதனால் நோகாமல் நொங்கு தின்ன ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னோடு ஒரு வேலைக்கு வரட்டும், பார்க்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன். சித்திரை வெயில் எனக்காக வேண்டாம் என்று சொல்லிவிடும் என்பது கணக்கு. மச்சானுக்குத் திட்டம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து அவர் தலையாட்டியதில் அத்தனை பாசம் இருந்தது. எனக்கு அவர் அதுவரை அப்படித் தலையாட்டியதே இல்லை.

பரளச்சி தாண்டி உள்ளே ஒரு குலசாமி கோயிலில் காதுகுத்து. கோயில் என்றால் கூரை கிடையாது, பீடமும் வேலும்தான். சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடந்தது. நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒரு வேம்பு, அதற்குக் கீழேயும் மொட்டையடிக்க வரிசை நின்றது. காதுகுத்து வீட்டார் மண்டிக்கு வாடிக்கை என்பதால் மச்சானும் எங்கள் கூடவே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். பெரிய பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, பழைய கேமராவையும் கொடுத்து, வெயில் எங்கே அதிகமோ அங்கே நிற்கச் சொன்னேன். அவள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றாள். முனகுவாள் என்று காத்திருந்தேன். அவள் முனகாதது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். இந்தப் பிள்ளையின் தாய்க்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். ஒரு கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. மூத்தவர் மடி என்றுதான் ஏற்பாடு. ஆனால் அவர் திருப்பூரிலிருந்து சீரோடு வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது, ஆசாரிக்கோ அடுத்த கோயிலில் இன்னொரு காது காத்திருக்கிறது. இனிப் பொறுக்க முடியாது என்று இளையவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்திக் கம்மலை மாட்டினார். பிள்ளை வீறிட்டுக் கத்தியது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. மேளம், வெடி, தட்டு, கழுத்தில் மாலை போட்ட கிடாய் எல்லாம் இறங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த மூத்தவர், பிள்ளை உட்கார்ந்திருந்த மடியைப் பார்த்தார். தட்டெல்லாம் திரும்ப வேனில் ஏற வேண்டும் என்று சத்தம் போட்டார். இளையவர் எழுந்து, நேரத்துக்கு வரத் தெரியாதவனுக்கு என்ன சீர் என்று கேட்டார். பிறகு கிணறு வந்தது, செத்துப்போன அப்பா வந்தார், யாரோ எப்போதோ கொடுக்காத பத்திரிகை வந்தது. மேளக்காரர் மட்டும் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த மாதிரி இடத்தில் போட்டோக்காரனுக்கு ஒரு வித்தை உண்டு. நான் நடுவில் புகுந்து, மூத்தவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்து, ஆசாரி சும்மா ஊசியைக் காதோரம் பிடித்தால் ஒரு போஸ் எடுத்துவிடலாம், ஆல்பத்தில் அவர்தான் இருப்பார், யாருக்கும் தெரியாது என்றேன். எத்தனையோ சண்டையை இப்படி நான் அமர்த்தியிருக்கிறேன்.

மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய்க்கு மடி குடுக்கவா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அப்போது பின்னாலிருந்து, கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள் அக்கா மகள்.

"மாமா, இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு காது குத்தலையே."

அத்தனை பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள். வலது காதில் கம்மல், இடது காது அப்படியே சந்தனப்பொட்டோடு இருந்தது. மடிக்காக அடித்துக்கொண்ட அவசரத்தில் பிள்ளைக்கு இரண்டு காது உண்டு என்பதை ஊரே மறந்துபோயிருந்தது. முதலில் ஆசாரிதான் சிரித்தார். பிறகு சிரிப்பு பரவி, பரவிய வேகத்தில் மூத்தவரைப் பிடித்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். இடது காது அவர் மடியில் குத்தப்பட்டது. தனக்கு ஏன் இரண்டாவது தடவையும் இந்தத் தண்டனை என்று பிள்ளை கேட்பது போல அழுதது.

திரும்பி வரும்போது காரில் மச்சான் வாய் ஓயவில்லை. என் தோளைத் தட்டி, இந்த மூளையைக் கொண்டுபோய்க் கேமராவில் போடலாமா, இவள் வக்கீலுக்கல்லவா படிக்க வேண்டும் என்றார். ஆடிட்டர் போய் வக்கீல் வந்துவிட்டது. நான் ஆமாம் மச்சான், ஆமாம் மச்சான் என்று வந்தேன். பின் சீட்டில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை சோர்ந்துவிட்டாள், காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். என் படங்களில் குறை இல்லை. எல்லோரும் நேராக நின்று கேமராவைப் பார்த்தார்கள், யார் தலையும் வெட்டுப்படவில்லை. அடுத்து அவள் எடுத்ததைத் திறந்தேன். கிடாய், மொட்டைத் தலை, வெடித்த மண் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு அந்தப் படம் வந்தது.

சண்டை நடக்கும்போது எடுத்திருக்கிறாள். சண்டைக்காரர்கள் படத்தில் இல்லை. இடது ஓரத்தில் நீட்டிய ஒரு கை, வலது ஓரத்தில் ஒரு துண்டின் நுனி, அவ்வளவுதான். நடுவில் பிள்ளையின் தாய். மாரில் சாய்ந்திருந்த பிள்ளையின் குத்தின காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். யாராவது இடித்துவிடுவார்களோ என்று பொத்தினாளா, அந்தப் பேச்செல்லாம் பிள்ளை காதில் விழ வேண்டாம் என்று பொத்தினாளா தெரியாது. அழவில்லை. இது எப்போது முடியும் என்று நிற்கிற முகம். அவளுக்காகத்தான் இவ்வளவும் என்று கூடப்பிறந்தவர்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே அவளைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை, நானும்தான் பார்க்கவில்லை. காதுகுத்தில் தாயைப் பார்த்து நான் சொல்கிற ஒரே வார்த்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, மறைக்குது என்பதுதான்.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்கலாம், வைக்க மனசில்லை. என் பழைய கேமராவில், நான் நிற்கச் சொன்ன வெயிலில் நின்று, நேற்று முளைத்த ஒரு பிள்ளை இதை எடுத்திருந்தாள். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பொறாமை குறையவில்லை.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அந்தத் தாயும் அவள் புருஷனும் வந்தார்கள். அவர்தான் தேர்ந்தெடுத்தார். இரண்டு மடியும் சம அளவில் வர வேண்டும் என்றார். இந்தப் படம் வந்ததும், என்னங்க இது, சாவு வீடு மாதிரி இருக்கு, அழிச்சிருங்க என்றார். அவர் போன் பேச வெளியே போன பிறகு அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அதை அழிச்சிராதீக அண்ணே. எனக்கு அனுப்பி விடுங்க. அன்னைக்கு எடுத்ததுல அது ஒண்ணுலதான் நான் இருக்கேன்."

குடும்பப் படம் ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள். நானே பட்டுப்புடவையைச் சரிசெய்யச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்தவை. அதை அவளிடம் சொல்லவில்லை. படத்தை அனுப்பி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. இந்த முறை காப்பி முன்னாலேயே வந்துவிட்டது, முறுக்கும் இருந்தது. பிள்ளை உள்ளறை வாசலில் நின்றாள். மச்சான் வக்கீல் படிப்பு எந்த ஊரில் நல்லது என்று விசாரித்தே வைத்திருந்தார். நான் போகட்டும் என்றேன். வக்கீலுக்குத்தானே என்று கேட்டார். இல்லை, போட்டோவுக்கு என்றேன்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. கட்சி மாறிவிட்டீர்களா, உங்களைக் கண்முன்னால் வைத்துக்கொண்டே பிள்ளையை அதில் தள்ளச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷமாக என்னை இளக்காரம் பண்ணிய மனிதரிடம் அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் எனக்கே கௌரவக் குறைச்சல். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"என்னையப் பாத்து முடிவு பண்ணாதீக மச்சான். நான் போட்டோக் கடை வச்சிருக்கேன். அவதான் போட்டோ எடுக்குறா."

இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். மண்டியில் இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் தெரியாது என்று சொன்னதில்லை போலிருக்கிறது, கொஞ்சம் அசந்துபோனார். அந்தப் படத்தை என் போனில் எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். இதை எவன் வாங்குவான் என்றார். ஒருத்தி புருஷனுக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனாள் என்றேன். அதை என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் அவர் முறுக்கை ஒடித்தார்.

சண்டைக் கதையை மச்சான் வாயால் கேட்டிருந்த அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள். நாங்கள் இருவரும் இருப்பதை மறந்துவிட்ட மாதிரி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இவ கூடப் பொறந்தவனுக எங்கடா?"

"படத்துல இல்லக்கா."

"நல்லது," என்றாள்.

போனை மேசையில் வைத்தாள். வாசலில் நின்ற மகளிடம், மதுரைக் காலேஜில் விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.